மாறி ஏறப் பழகுங்கள்: சிங்கப்பூருக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு பயண வழிகாட்டி

நம் ஊரில் எங்கே கிளம்பினாலும் முதலில் கேட்பது, "நேர் பஸ் இருக்கா?" என்பதுதான். இருந்தால் அரை மணி நேரம் காத்திருந்தாவது அதில்தான் ஏறுவோம். நடுவில் இறங்கி மாறினால் இன்னொரு டிக்கெட், மறுபடியும் இடம் பிடிக்கிற போராட்டம். சிங்கப்பூர் வந்த புதிதில் நானும் அப்படித்தான் இருந்தேன். தீவின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நேராகப் போகும் பேருந்தைத் தேடிப் பிடித்து, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தே போவேன். ரயிலும் பேருந்துமாக இரண்டு முறை மாறினால், ஏறத்தாழ அதே காசில் ஐம்பது நிமிடத்தில் போய்ச் சேரலாம் என்று புரியவே சில மாதங்கள் ஆயின.

வேலைக்கோ படிப்புக்கோ குடும்பத்தோடு சேர்ந்து வாழவோ இங்கே வருகிறவர்கள் அந்தச் சில மாதங்களை இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வந்து இறங்கும் நாளிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், சொந்த வண்டி என்ற எண்ணத்தைத் தள்ளி வையுங்கள்

சிங்கப்பூரின் பரப்பு சுமார் 735 சதுர கிலோமீட்டர். கிழக்கிலிருந்து மேற்கு முனைவரை 50 கிலோமீட்டர் அளவுதான். ஏறக்குறைய 60 லட்சம் பேர் வாழும் இந்த இடத்தில் சாலைகளே நிலத்தில் 12 சதவீதத்தை எடுத்துக்கொண்டுவிட்டன. அதற்கு மேல் கொடுக்க நிலம் கிடையாது. அதனால் 1990 முதல், வண்டி வாங்க விரும்புகிறவர் முதலில் ஏலத்தில் வாகன உரிமைச் சான்றிதழ் ஒன்றை எடுத்தாக வேண்டும். அது 10 ஆண்டுக்குத்தான் செல்லும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் விலை ஒன்றரை லட்சம் வெள்ளியைத் தாண்டியது. அது காரின் விலை அல்ல, கார் வைத்துக்கொள்வதற்கான அனுமதியின் விலை மட்டும்தான். இங்கே டாலரை வெள்ளி என்றும் சென்ட்டைக் காசு என்றும் சொல்வோம், நீங்களும் பழகிவிடுவீர்கள்.

வண்டியை வாங்கிய பிறகும் நெரிசல் நேரத்தில் சில சாலைகளில் நுழையக் கட்டணம் உண்டு. நகர மையத்துக்குள் நுழையும் வண்டிகளிடம் காசு வாங்குவதை 1975-லேயே தொடங்கிவிட்டார்கள். 1998 முதல் அதை மின்னியல் கருவி பிடித்துக்கொள்கிறது. இப்படி ஒரு பக்கம் காரை எட்டாத உயரத்தில் வைத்தவர்கள், மறுபக்கம் கார் இல்லாதவர் தவிக்காதபடி ரயிலையும் பேருந்தையும் பின்னி வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

விமான நிலையத்திலிருந்து

சாங்கி விமான நிலையத்தின் ரயில் நிலையம் இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு இடையே நிலத்தடியில் இருக்கிறது. முதல் முனையத்தில் இறங்கினால், முனையங்களுக்கு இடையே ஓடும் சிறு ரயிலில் இலவசமாக வந்துவிடலாம். நான்காம் முனையம் சற்றுத் தள்ளி இருப்பதால் அங்கிருந்து இலவசப் பேருந்து.

சாங்கியிலிருந்து கிளம்பும் ரயில் நகரத்துக்குள் நேராகப் போகாது. முதல் நிறுத்தம் எக்ஸ்போ, அடுத்தது தானா மேரா, அங்கே எல்லோரும் இறங்கி மாற வேண்டும். நகரத்துக்கும் மேற்கே ஜூரோங் பக்கத்துக்கும் போகிறவர்கள் தானா மேராவில் பச்சைப் பாதைக்கு மாறுங்கள் (ரயில் பாதைகளை இங்கே நிறத்தால்தான் சொல்கிறேன்). புகிஸ், லிட்டில் இந்தியா பக்கம் போகிறவர்கள் எக்ஸ்போவிலேயே இறங்கி நீலப் பாதையைப் பிடிக்கலாம். பாருங்கள், வந்து இறங்கிய முதல் மணி நேரத்திலேயே மாறி ஏறும் வேலை தொடங்கிவிடுகிறது!

பெரிய பெட்டிகளோடு காலை எட்டு மணிக்கோ மாலை ஆறு மணிக்கோ வந்து சேர்ந்தால் ரயில் வேண்டாம், டாக்சி பிடியுங்கள். அந்த நேரக் கூட்டத்தில் பெட்டியோடு நிற்பது உங்களுக்கும் கஷ்டம், மற்றவர்களுக்கும் கஷ்டம். நள்ளிரவை ஒட்டி வந்தாலும் அப்படித்தான். நகரத்துக்குள் போக இணைப்பு கிடைக்கும் கடைசி ரயில் நள்ளிரவுக்கு முன்பே கிளம்பிவிடும்.

அட்டை

ஒற்றைப் பயண டிக்கெட் விற்பதை 2022-இல் நிறுத்திவிட்டார்கள். எனவே ஏதாவது ஓர் அட்டை தேவை. பணம் நிரப்பிப் பயன்படுத்தும் ஈஸிலிங்க் அட்டையை ரயில் நிலையத்திலும் செவன் லெவன் போன்ற கடைகளிலும் வாங்கலாம். கொடுக்கும் தொகையில் 5 வெள்ளி அட்டைக்கான விலை, அது திரும்பக் கிடைக்காது. மற்றது பயணத்துக்கான இருப்பு.

அட்டையே வாங்காமல், தட்டிப் பணம் செலுத்தும் வசதியுள்ள வங்கி அட்டையையோ அது பதிவாகியிருக்கும் கைப்பேசியையோ நிலைய வாயிலில் உள்ள கருவியில் தட்டிப் போகலாம். ஆனால் இந்திய வங்கி அட்டையைப் பயன்படுத்தினால் பயணக் கட்டணத்தோடு கூடுதல் கட்டணமும் சேரும். ஓரிரு நாளுக்குப் பரவாயில்லை. மாதக் கணக்கில் இருக்கப்போகிறவர்கள் உள்ளூர் வங்கிக் கணக்கு திறக்கும்வரை ஈஸிலிங்க் வைத்துக்கொள்வதே நல்லது.

அட்டைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வாயிலில் தட்டியதும் எடுத்த கட்டணத்தையும் மீதியையும் திரையில் காட்டும். இன்னொன்று, சிம்ப்ளிகோ என்ற கணக்கோடு இணைந்தது. அதில் எல்லாவற்றையும் கைப்பேசிச் செயலியில்தான் பார்க்க முடியும். 2024 ஜனவரியில் முதல் வகையை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. திரையில் மீதியைப் பார்த்தே பழகிய மக்கள் கடுமையாக ஆட்சேபித்ததால் அதே மாதத்தில் அந்த முடிவைத் திரும்பப் பெற்றார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதல் வகையைத்தான் சொல்வேன். ஒவ்வொரு முறையும் எவ்வளவு போகிறது என்று கண்ணால் பார்த்தால்தான் கட்டணக் கணக்கு மனதில் ஏறும்.

மூன்று விஷயங்களை மறக்காதீர்கள். ஓர் அட்டையில் ஒருவர்தான் போகலாம். கணவனும் மனைவியும் ஒரே அட்டையைத் தட்ட முடியாது. எதைத் தட்டி ஏறினீர்களோ அதையேதான் தட்டி இறங்க வேண்டும். ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும் அட்டை வேறு, கைப்பேசி வேறு என்றுதான் கருவி எடுத்துக்கொள்ளும். மூன்றாவது, பல அட்டைகள் உள்ள பணப்பையை அப்படியே கருவியில் வைக்காதீர்கள், எந்த அட்டையில் காசு போகும் என்று சொல்ல முடியாது.

ரயில்

தமிழில் இதன் பெயர் பெருவிரைவு ரயில். பேச்சில் எல்லோரும் எம்.ஆர்.டி. என்பார்கள். எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும், இவ்வளவு சிறிய தீவுக்கு ரயில் தேவையா, பேருந்துகளே போதாதா என்று அமைச்சரவைக்குள்ளேயே பெரிய விவாதம் நடந்தது. ரயில் வேண்டும் என்று உறுதியாக நின்றவர்களில் முக்கியமானவர், பின்னாளில் அதிபரான ஓங் தெங் சியோங். 1987 நவம்பர் 7 அன்று இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை வெறும் ஐந்து நிலையங்களோடு ஓடத் தொடங்கியது. இன்று 140-க்கும் மேற்பட்ட நிலையங்கள்.

ஆறு பாதைகளையும் நிறத்தால் நினைவில் வையுங்கள். சிவப்பு வடக்கு தெற்காக ஓடுவது, பச்சை கிழக்கு மேற்காக ஓடுவது. ஊதா, நகரத்திலிருந்து வடகிழக்கே செங்காங், பொங்கோல் பக்கம் போவது. லிட்டில் இந்தியா இதிலும் வரும். ஆரஞ்சு, நகரைச் சுற்றி வரும் வட்டப் பாதை. நீலம் டௌன்டவுன் பாதை, பழுப்பு தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் பாதை. இவை தவிர புக்கிட் பாஞ்சாங், செங்காங், பொங்கோல் ஆகிய மூன்று வட்டாரங்களில் வீடுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடும் இலகு ரயில்கள்.

ஒவ்வொரு நிலையத்துக்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு உண்டு. லிட்டில் இந்தியா ஊதாப் பாதையில் என்.இ. 7, நீலப் பாதையில் டி.டி. 12. எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தாலே சரியான திசையில் போகிறோமா என்று தெரிந்துவிடும். நடைமேடையில் கடைசி நிலையத்தின் பெயரைத்தான் போட்டிருப்பார்கள், அதனால் நீங்கள் போகும் திசையில் கடைசி நிலையம் எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நிலையப் பெயர்ப் பலகைகளில் தமிழ் உண்டு, பாதுகாப்பு அறிவிப்புகளும் தமிழில் வரும். வேறு நாட்டின் சுரங்க நிலையத்தில் நம் மொழியைக் கேட்கும் அந்த முதல் நாள் நெஞ்சு நிறைந்துபோகும். எனக்கு இன்றும் பழகிப்போகவில்லை.

காலை ஐந்தரை மணி அளவில் தொடங்கி நள்ளிரவு வரை ரயில் ஓடும். நெரிசல் நேரத்தில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒன்று வரும் என்பதால் கதவு மூடும்போது ஓடிப்போய் ஏறத் தேவையே இல்லை. வேலை நாட்களில் காலை 7.45-க்கு முன் ரயில் நிலையத்தில் அட்டையைத் தட்டி உள்ளே போனால் 50 காசு வரை குறையும். சிறு தொகைதான். ஆனால் மாதம் இருபது நாள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், கூட்டம் இல்லாத பெட்டியில் உட்கார்ந்தும் போகலாம்.

ரயிலுக்குள் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, தண்ணீர்கூட. அபராதம் 500 வெள்ளி வரை. புகைத்தால் 1,000 வெள்ளி. டுரியான் பழத்தையும் கொண்டுபோக முடியாது. நகரும் படிக்கட்டில் இடப்பக்கம் நில்லுங்கள், வலப்பக்கம் நடந்து போகிறவர்களுக்கு.

பேருந்து

ரயிலைவிடப் பேருந்தில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். நிறுத்தத்தில் நின்றால் மட்டும் போதாது. உங்கள் எண் தெரிந்ததும் கையை நீட்டுங்கள், இல்லையென்றால் நிற்காமல் போகக்கூடும். முன் கதவில் ஏறித் தட்ட வேண்டும், பின் கதவில் இறங்கும்போது மறுபடியும் தட்ட வேண்டும். இந்த இரண்டாவது தட்டுதான் நம்மவர்கள் மறப்பது. கட்டணம் தூரத்தைப் பொறுத்தது என்பதால், இறங்கும்போது தட்டாவிட்டால் பேருந்தின் கடைசி நிறுத்தம்வரை நீங்கள் போனதாகக் கணக்கு வைத்துக் காசை எடுத்துவிடும். முதல் வாரத்தில் எனக்கு இது மூன்று முறை நடந்தது. அதற்காக, இரண்டு நிறுத்தம் முன்னாலேயே தட்டிவிட்டு உட்காரவும் கூடாது, அது கட்டண ஏய்ப்பு.

ரொக்கமும் வாங்குவார்கள், ஆனால் மீதி தர மாட்டார்கள், கட்டணமும் அட்டையைவிட அதிகம்.

ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஐந்து இலக்க எண் உண்டு, பலகையிலேயே எழுதியிருக்கும். அந்த எண்ணைச் செயலியில் போட்டால் அடுத்த பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும், உட்கார இடம் இருக்குமா, அது மாடிப் பேருந்தா என்பதுவரை சொல்லிவிடும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் செயலியிலேயே இந்த வசதி இருக்கிறது. சாலையின் இரு பக்கத்து நிறுத்தங்களுக்கும் எண் வேறு, பெயரும் சற்று வேறு. ஒன்று 'புளோக் 210' என்றால் எதிரே உள்ளது 'ஆப் புளோக் 210' என்று இருக்கும். 'ஆப்' என்பது எதிர்ப்பக்கம், 'பெஃப்' என்றால் அந்த இடத்துக்கு முன்னால், 'ஆஃப்ட்' என்றால் தாண்டியபின். இதைத் தெரிந்துகொள்ளாமல் தவறான திசையில் ஏறிப் பாதி தீவைச் சுற்றியவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று. 2020 இறுதியிலிருந்து எல்லாப் பொதுப் பேருந்துகளிலும் சக்கர நாற்காலி ஏற்றலாம், ஓட்டுநரே இறங்கி வந்து சாய்தளத்தை விரித்துக் கொடுப்பார். ஊரிலிருந்து முட்டிவலியோடு வந்த என் அத்தை, "நம்மளால எல்லாருக்கும் தாமதம் ஆகுதேப்பா" என்று முதல் நாள் கூசிக்கொண்டே இருந்தார். அன்று பேருந்தில் யாரும் முகம் சுளிக்கவில்லை. வயதான பெற்றோரை அழைத்து வந்திருக்கிறவர்கள் தயங்காமல் வெளியே கூட்டிப் போங்கள்.

மாறி ஏறும் கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

2010 ஜூலையிலிருந்து இங்கே கட்டணம் எத்தனை வண்டி ஏறினீர்கள் என்பதைப் பொறுத்தது அல்ல, மொத்தம் எவ்வளவு தூரம் போனீர்கள் என்பதைப் பொறுத்தது. ஐந்து கிலோமீட்டர் பேருந்தில் போய், பத்துக் கிலோமீட்டர் ரயிலில் போனால், பதினைந்து கிலோமீட்டருக்கான ஒரே கட்டணம். இரண்டாவது வண்டியில் ஏறும்போது மீட்டர் பூஜ்யத்திலிருந்து தொடங்காது, விட்ட இடத்திலிருந்து தொடரும். முதல் 3.2 கிலோமீட்டருக்கு ஒன்றேகால் வெள்ளியை ஒட்டிய தொகை. அதன்பின் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சில காசுதான் ஏறும். தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனாலும் ஏறத்தாழ இரண்டரை வெள்ளியில் முடிந்துவிடும். கட்டணத்தைப் பொதுப் போக்குவரத்து மன்றம் ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்யும் என்பதால் சரியான தொகையைச் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. பொங்கோலில் வீடு, ஜூரோங் பக்கம் வேலை. வீட்டருகே இலகு ரயிலில் ஏறி பொங்கோல் நிலையம் வருகிறீர்கள். அங்கே ஊதாப் பாதைக்கு மாறி ஊட்ரம் பார்க். ஊட்ரம் பார்க்கில் பச்சைக்கு மாறி ஜூரோங் ஈஸ்ட். வெளியே வந்து பேருந்தில் நான்கு நிறுத்தம். நான்கு வண்டி, மூன்று மாற்றம், ஆனால் கணக்கில் இது ஒரே பயணம். ரயிலுக்குள் மாறும்போது வாயிலுக்கு வெளியே வராததால் அட்டையைத் தட்டும் வேலையும் இல்லை.

இதற்குச் சில எல்லைகள் உண்டு. ஒரு பயணத்தில் ஐந்து முறைவரை மாறலாம். எல்லா மாற்றமும் முதல் தட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். ஒரு வண்டியிலிருந்து இறங்கி 45 நிமிடத்துக்குள் அடுத்ததில் ஏற வேண்டும். இந்த 45 நிமிடம் ஒரு வரம். வழியில் இறங்கிக் காய்கறி வாங்கலாம், ஒரு தேநீர் குடிக்கலாம், அஞ்சலகத்துக்குப் போய்வரலாம். பிறகு தொடர்ந்தால் புதுக் கட்டணம் கிடையாது. ஆனால் இறங்கிய அதே எண் பேருந்தில் மறுபடி ஏறினால் புதிய பயணமாகிவிடும். அதே வழியில் போகும் வேறு எண் பேருந்து இருந்தால் அதில் ஏறிக்கொள்ளுங்கள். ரயில் நிலையத்திலும் அப்படித்தான், வெளியே போய் அதே நிலையத்துக்குள் திரும்ப நுழைந்தால் புதுக் கணக்கு.

மாறும் நிலையங்கள் எல்லாம் ஒன்றுபோல் இருக்காது. சிட்டி ஹாலிலும் ராஃபிள்ஸ் பிளேஸிலும் சிவப்பும் பச்சையும் ஒரே மேடையின் இரு பக்கமும் நிற்கும். இறங்கிப் பத்து அடி நடந்தால் அடுத்த ரயில். எந்தத் திசைக்கு இந்த இரண்டில் எங்கே மாறுவது என்று பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் படத்தைப் பாருங்கள். டோபி காட்டில் ஊதாவிலிருந்து சிவப்புக்குப் போக நன்றாகவே நடக்க வேண்டும், ஐந்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்த ஓடைக்கரை அது, பெயரும் அப்படி வந்ததுதான். தெம்பனிஸில் நீலத்துக்கும் பச்சைக்கும் இடையே வாயிலுக்கு வெளியே வந்துதான் மாற வேண்டும். அங்கே 15 நிமிடத்துக்குள் அடுத்த வாயிலில் நுழைந்துவிட்டால் பயணம் தொடரும், பயப்பட வேண்டாம்.

சிட்டி ஹாலில் மாறுகிறவர்கள் ஒருநாள் நேரம் இருந்தால் வெளியே வாருங்கள். எதிரே வெள்ளையாக நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக் கருவும் சர்க்கரையும் கலந்து பூசிய சுவர், அந்தப் பூச்சுக்கு 'மெட்ராஸ் சுண்ணம்' என்றே பெயர். 1825 முதல் 1873 வரை இந்தத் தீவின் பழைய சாலைகள் பலவற்றைப் போட்டதும் அந்தக் கைதிகள்தான்.

இடத்தைக் கண்டுபிடிப்பது

இங்கே தெருப் பெயரைவிட ஆறு இலக்க அஞ்சல் எண் முக்கியம். ஏறக்குறைய ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி அஞ்சல் எண் இருப்பதால், வரைபடத்தில் அதை மட்டும் போட்டால் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். முகவரி கேட்கும்போது "அஞ்சல் எண் என்ன?" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரயில் நிலையங்களில் வெளியேறும் வழிகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்து உண்டு. வாயிலைத் தாண்டுமுன் எந்த எழுத்து என்று பார்த்துவிடுங்கள். தவறான வழியில் மேலே ஏறினால் எட்டு வழிச் சாலையின் அந்தப் பக்கம் நிற்பீர்கள்.

சாலையைக் குறுக்கே கடக்கவும் சட்டம் உண்டு. குறுக்குப் பாதையோ மேம்பாலமோ 50 மீட்டருக்குள் இருந்தால், அதை விட்டுவிட்டு வேறு இடத்தில் கடப்பது குற்றம். மழைக்குப் பயப்பட வேண்டாம். ரயில் நிலையத்திலிருந்து குடியிருப்புகளுக்குக் கூரை போட்ட நடைபாதைகள் நீள்கின்றன, சாலையைக் கடக்கும் இடங்களில் மட்டும்தான் நனைய நேரும்.

மிதிவண்டி வைத்துக்கொள்வது நல்ல யோசனை. மிதிவண்டிப் பாதைகளை 2030-க்குள் 1,300 கிலோமீட்டராக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். மடக்கு மிதிவண்டியைப் பேருந்திலும் ரயிலிலும் ஏற்றலாம். ஆனால் நின்றுகொண்டு ஓட்டும் சிறு மின்ஸ்கூட்டர் விஷயத்தில் கவனம்: 2019 நவம்பரிலிருந்து நடைபாதையில் அதை ஓட்டத் தடை, பதிவும் எழுத்துத் தேர்வும் வேறு உண்டு. நண்பர் ஊருக்குப் போகிறார், சும்மா கொடுக்கிறார் என்று வாங்கிவிடாதீர்கள். 2025 ஜூலையிலிருந்து, பக்கத்திலேயே மிதிவண்டிப் பாதை இருந்தால் நடைபாதை நடப்போருக்கு மட்டும்தான்.

டாக்சி

நள்ளிரவிலிருந்து காலை 6 மணி வரை மீட்டரில் 50 சதவீதம் கூடும். முன்பு இருந்த இரவுப் பேருந்துகள் இப்போது இல்லை, அதனால் கடைசி ரயிலைத் தவறவிட்டால் டாக்சியோ கிராப் போன்ற செயலி வண்டியோதான். சிறு குழந்தை உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைக்கு வண்டியில் தனி இருக்கை கட்டாயம். டாக்சிக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு, தனியார் வாடகை வண்டிக்கு விலக்கு இல்லை. செயலியில் அழைக்கும்போது குழந்தை இருக்கை உள்ள வண்டியைத் தேர்ந்தெடுங்கள்.

ரயில் நின்றுவிட்டால்

எப்போதாவது நிற்கும். 2024 செப்டம்பர் 25 அன்று பச்சைப் பாதையில் ஓடிய ஒரு ரயிலின் சக்கர அச்சுப் பகுதி கழன்று விழுந்து, தண்டவாளம் வெகுதூரம் சேதமானது. ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையே ஆறு நாள் ரயில் இல்லை. இப்படி நடக்கும்போது பாதிக்கப்பட்ட நிலையங்களுக்கு இடையே இலவசப் பேருந்து விடுவார்கள். ஆனால் எல்லோரும் அதில்தான் ஏறப் பார்ப்பார்கள், வரிசை சாலைவரை நிற்கும். வேலைக்குப் போக ரயிலைத் தொடாத வழி ஒன்றை இப்போதே கண்டுபிடித்து, ஒரு விடுமுறை நாளில் போய்ப் பார்த்து வையுங்கள். நேராகப் போகும் அந்த நீளமான பேருந்து இந்த மாதிரி நாளில்தான் கைகொடுக்கும்.

லாரியில் போகிற நம் தம்பிமார்களுக்கு

கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்ய வருகிற பலரை விடுதியிலிருந்து வேலையிடத்துக்கு லாரியின் பின்பகுதியில்தான் ஏற்றிப் போகிறார்கள். இவ்வளவு நேர்த்தியாகப் பேருந்தும் ரயிலும் ஓடும் நாட்டில் இது இன்னும் தொடர்வது எனக்கு வருத்தம்தான். நாடாளுமன்றத்திலும் வெளியிலும் பல ஆண்டுகளாக இதைப் பேசுகிறார்கள், எல்லோரையும் பேருந்தில் ஏற்றும் நாள் சீக்கிரம் வர வேண்டும். அதுவரை, தரையில் உட்கார்ந்தே போங்கள், எழுந்து நிற்காதீர்கள். பின் தடுப்பில் சாயாதீர்கள், அதன் மேல் உட்காரவும் வேண்டாம். மழைக்கு மறைப்பு இல்லையென்றால் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். விடுமுறை நாளில் வெளியே போக விடுதி வாசலிலிருந்து எந்தப் பேருந்து, எந்த ரயில் நிலையம், கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை முதல் வாரமே தெரிந்துகொள்ளுங்கள். துவாஸ் பக்கம் இருப்பவர்களுக்கு 2017 முதல் பச்சைப் பாதை துவாஸ் லிங்க் வரை வருகிறது.

ஜோகூருக்கு

மலேசியாவின் ஜோகூர் பாருவுக்குப் போகாமல் யாரும் இருக்க முடியாது. 1924-இல் திறந்த உட்லண்ட்ஸ் கடற்பாலம் ஒரு கிலோமீட்டர் நீளம்தான், வார இறுதியில் அதைக் கடக்க இரண்டு மூன்று மணி நேரமும் ஆகலாம். 160, 170, 950 எண் பேருந்துகள் அந்தப் பக்கம் போகும். சோதனைச் சாவடியில் எல்லாப் பைகளையும் எடுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். வந்த வண்டி உங்களுக்காக நிற்காது, குடிநுழைவு முடித்து அதே எண்ணில் அடுத்து வரும் வண்டியில் ஏறிக்கொள்ளலாம். போகுமுன் உங்கள் கடவுச்சீட்டுக்கு மலேசிய விசா விதி என்ன என்று பார்த்துவிடுங்கள். உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து ஜோகூர் பாருவுக்கு நான்கு கிலோமீட்டர் ரயில் பாதை ஒன்று, 2026 இறுதியில் தொடங்கும் திட்டத்தில் உருவானது. ஐந்து நிமிடப் பயணம், இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையையும் புறப்படும் இடத்திலேயே முடித்துக்கொள்ளும் ஏற்பாடு.

முதல் ஞாயிற்றுக்கிழமை

சரி, படித்தது போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்புங்கள். வீட்டருகே வரும் சிறு பேருந்தில் ஏறி உங்கள் வட்டாரப் பேருந்துச் சந்திப்பு நிலையத்துக்குப் போங்கள். பெரும்பாலும் ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கும். உட்லண்ட்ஸிலிருந்து வருகிறவர்கள் சிவப்புப் பாதையில் டோபி காட் வந்து, ஊதாவுக்கு மாறினால் அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. ஜூரோங்கிலிருந்து வருகிறவர்கள் பச்சையில் ஊட்ரம் பார்க், அங்கிருந்து ஊதா. தேக்கா சந்தையில் காய்கறி பாருங்கள், சிராங்கூன் சாலையில் வயிறாரச் சாப்பிடுங்கள்.

திரும்பும்போது வந்த வழியிலேயே போகாதீர்கள். நீலப் பாதையில் ஏறுங்கள். ஜூரோங்காரர்கள் இரண்டாவது நிலையமான புகிஸில் பச்சைக்கு மாறுங்கள், உட்லண்ட்ஸ்காரர்கள் எதிர்த் திசையில் ஒரே நிலையம் தள்ளி நியூட்டனில் சிவப்புக்கு. வீட்டுக்குப் போனதும் செயலியைத் திறந்தோ நிலையத்து இயந்திரத்தில் அட்டையை வைத்தோ போன வழிக்கும் வந்த வழிக்கும் எவ்வளவு எடுத்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.